அன்பியத்துல சிந்தனை சொல்லச் சொல்லிட்டாங்களா? பாஸ்கா காலத்துக்கு ஒரு கைடு

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் வேலைக்காகவோ கல்யாணமாகியோ வந்து சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்க, பெரிய சனிக்கிழமை ராத்திரி ஞானஸ்நானம் வாங்குன புது ஆளுங்க, இவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். அன்பியம்னா பங்குல பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குடும்பங்க சேர்ந்து செபிக்கிற சின்னக் குழு, பாஸ்கா காலம்னா உயிர்ப்பு ஞாயிறுல இருந்து தூய ஆவி திருநாள் வரைக்கும். அன்பியத்துல வந்து உக்காந்து ரெண்டு மாசம் ஆகியிருக்காது, திடீர்னு தலைவி அக்கா "அடுத்த கூட்டத்துக்கு நற்செய்தி சிந்தனை நீங்கதான் சொல்றீக"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போயிருவாங்க. எப்படிச் சொல்றது, எத்தன நிமிஷம், எந்த வாசகம், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எனக்கும் யாரும் சொல்லல, அவங்கவங்க கிட்ட கேட்டு அலைஞ்சு சேத்ததுதான் இது. சி.எஸ்.ஐ. சபைக்காரங்களுக்கு வாசக அட்டவணை வேற, அதனால ரெண்டாவது படிய விட்டுட்டு மிச்சத்த எடுத்துக்கலாம்.

1. பங்குல பேர் பதிஞ்சிருக்கான்னு பாருங்க

சிந்தனைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. அன்பியக் குடும்ப லிஸ்ட்ல பேர் இருந்தாத்தான் உங்க வீட்டுக்கு முறை வரும், கூட்டம் எங்க எப்பன்னு மெசேஜும் வரும். பங்கு ஆபீஸுக்குப் போறப்ப கையில எடுத்துட்டுப் போக வேண்டியது: எல்லாரோட ஞானஸ்நான சர்டிபிகேட் ஜெராக்ஸ், கோயில் கல்யாண சர்டிபிகேட் ஜெராக்ஸ், பழைய பங்கு சாமியார் கிட்ட இருந்து ஒரு லெட்டர், இப்ப இருக்குற வீட்டு அட்ரஸ். இதுல இழுக்குறது அந்த லெட்டர்தான். பழைய பங்குல சந்தா பாக்கி இருந்தா அத முதல்ல கட்டிருங்க, அப்புறம் லெட்டர் கேளுங்க, போன்ல கேட்டா "நேர்ல வாங்க"ன்னு சொல்ற எடம் நெறைய. ஊருக்குப் போற சமயத்துல வாங்கி வச்சுக்கிறது நல்லது. குருத்து ஞாயிறுல இருந்து உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் எந்தப் பங்கு ஆபீஸுலயும் இந்த வேலையோட நிக்காதீங்க, சாமியாருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. தவக்காலம் ஆரம்பிக்கிறப்பவே முடிச்சிருங்க, இல்லன்னா உயிர்ப்பு முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சுப் போங்க.

2. எந்த வருஷம், எந்த வாசகம்

இங்கதான் நெறைய பேர் மாட்டுறாங்க. ஞாயிறு வாசகம் மூணு வருஷ சுத்து. வருஷத்த 3ஆல வகுத்து மீதி 1 வந்தா முதல் ஆண்டு, 2 வந்தா இரண்டாம் ஆண்டு, மீதி இல்லன்னா மூன்றாம் ஆண்டு. 2026 முதல் ஆண்டு, 2027 இரண்டாம் ஆண்டு. திருவருகைக் காலம் வந்தா அடுத்த வருஷக் கணக்கு ஆரம்பிச்சிரும், ஆனா பாஸ்கா காலத்துக்கு அந்தக் குழப்பம் கிடையாது.

வாட்ஸ்அப்ல வர்ற "இந்த ஞாயிறு மறையுரை"ய நம்பி எறங்காதீங்க. பாதி போன வருஷத்தோடது. பாஸ்கா காலத்து மூணாம் ஞாயிறுக்கு (உயிர்ப்பு ஞாயிறுதான் முதல் ஞாயிறு) முதல் ஆண்டுல எம்மாவு, அதாவது ரெண்டு சீடருங்க எம்மாவு ஊருக்கு நடந்து போற கதை (லூக்கா 24:13-35), இரண்டாம் ஆண்டுல அவங்க திரும்பி வந்ததும் இயேசு வந்து மீன் சாப்பிட்டுக் காட்டுறது (லூக்கா 24:35-48), மூன்றாம் ஆண்டுல உயிர்த்த இயேசு கடற்கரைல சீடருங்களுக்குத் தோன்றுறது (யோவான் 21:1-19). நீங்க கடற்கரைக்குத் தயார் பண்ணிட்டுப் போய் அங்க எம்மாவு வாசிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. ரெண்டாம் ஞாயிறு மட்டும் எல்லா வருஷமும் தோமாதான் (யோவான் 20:19-31), அன்னைக்கே இறை இரக்க ஞாயிறும் வருது. நாலாம் ஞாயிறு எல்லா வருஷமும் யோவான் 10, நல்லாயன், ஆனா பகுதி மாறும். அப்புறம் உயிர்ப்பு முடிஞ்ச முதல் வாரத்துல, புதன் வியாழன் வெள்ளிகள்ல, நான் மேல சொன்ன மூணு கதையும் வரிசையா பூசைல வந்திரும். அதனால புதன்கிழமை எம்மாவு சொன்னவரு மூணாம் ஞாயிறும் அதையே சொல்லாம பாத்துக்கணும்.

ரெண்டாம் வாரம் வெள்ளிக்கிழமைல இருந்து மூணாம் வாரம் சனிக்கிழமை வரைக்கும் வாரநாள் பூசைல யோவான் 6 ஓடும், ஞாயித்துக்கெழமை மட்டும் வேற. அஞ்சு அப்பம் ரெண்டு மீன்ல ஆரம்பிச்சு "நாங்க யார்கிட்ட போவோம்"னு பேதுரு கேக்குறது வரைக்கும். முதல் வாசகம் பாஸ்கா காலம் முழுக்க, நடுவுல வர்ற தனித் திருநாள்கள விட்டா, திருத்தூதர் பணிகள்தான், பழைய ஏற்பாடு வராது, அதனால "முதல் வாசகத்துல ஏசாயா சொல்ற மாதிரி"ன்னு பழக்கத்துல ஆரம்பிச்சிராதீங்க. விண்ணேற்றப் பெருவிழாவ நம்ம நாட்டுல வியாழன்ல இருந்து ஞாயிறுக்கு மாத்தி வச்சிருக்காங்க, அதனால ஏழாம் ஞாயிறுன்னு போட்டு வெளிநாட்டுல இருந்து வர்ற சிந்தனை நமக்கு ஒத்து வராம போகும்.

3. கையில என்ன இருக்கணும், எவ்வளவு ஆகும்

ஒரு திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு. அட்டையும் சைஸும் பொறுத்து சில நூறு ரூபா ஆகும். எழுத்து பெருசா இருக்குறதா பாத்து வாங்குங்க, சாயங்காலம் கரெண்ட் போனா மெழுகுதிரி வெளிச்சத்துல படிக்கணும். வீட்டுல பழைய மொழிபெயர்ப்பு பரிசுத்த வேதாகமம் இருந்தா அத ஒதுக்க வேண்டாம், தனியா படிக்கிறப்ப பக்கத்துல வச்சுக்கலாம், ஆனா கூட்டத்துல பொது மொழிபெயர்ப்புதான் வாசிக்கணும், இல்லன்னா கூடவே புத்தகம் வச்சுப் பாக்குறவங்க தொலைஞ்சு போயிருவாங்க.

அப்புறம் திருவழிபாட்டு நாள்காட்டி ஒண்ணு. பங்கு ஆபீஸ்லயே கெடைக்கும், விலை ரொம்ப இருக்காது. இது இருந்தா ரெண்டாவது படில சொன்ன கணக்கு ஒண்ணும் வேண்டாம். ஜனவரில வாங்கலன்னா தீந்து போயிரும், அப்ப சிஸ்டர்ங்க கிட்ட கேட்டு பாஸ்கா கால பக்கங்கள மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க, பக்கத்துக்கு 2 ரூபாதான்.

கூட்டம் உங்க வீட்டுலன்னா டீ, சுண்டல் செலவு. 20 பேருக்கு 300ல இருந்து 400 ரூபாக்குள்ள முடியணும், அதுக்கு மேல போகாதீங்க. பலகாரம் கூடிக்கிட்டே போனா அடுத்த வீட்டுக்காரங்க மொறை வர்றப்ப வெக்கப்பட்டு வீடு தர மாட்டாங்க, இது எல்லா அன்பியத்துலயும் நடக்குறது. செட்டிநாட்டுக் கை, ஒரு தட்டுல நாலு பலகாரம் வைக்காம மனசு கேக்காதுதான். கேக்க வைங்க.

4. தேதி புடிக்கிறது

பாஸ்கா காலம் 50 நாள். 2026ல ஏப்ரல் 5ல இருந்து மே 24 வரைக்கும், 2027ல மார்ச் 28ல இருந்து மே 16 வரைக்கும். கேக்க நெறைய நாள் மாதிரி இருக்கும், உக்காந்து எண்ணினா நாலு கூட்டம் நடத்துறதே பெரும்பாடு. முகூர்த்த நாள் வரும், நம்ம அன்பியத்துல பாதிப் பேரு கல்யாண சமையல், பந்தி, பந்தல், வாடகைப் பாத்திரம்னு ஏதாவது ஒண்ணுல இருப்பாங்க, முதல் நாள் சாயங்காலமே கெளம்பிருவாங்க. சித்திரை வைகாசில ஊர் அம்மன் கோயில் திருவிழா, தேர் வரும், அன்னைக்கு ரோடே மாத்தி விட்டுருவாங்க. ஸ்கூல் லீவு விட்டதும் பாதி தெரு வேளாங்கண்ணிக்குப் போயிரும். மே பொறந்தா மாதா வணக்க மாசம், தெனமும் ஒரு வீட்டுல செபமாலை.

என் யோசனை, மே மாசத்துல தனியா கூட்டம் போடாதீங்க, செபமாலை முடிஞ்ச கையோட நற்செய்திய வாசிச்சு அஞ்சு நிமிஷம் பேசிட்டு எந்திரிச்சிருங்க. நேரம் சாயங்காலம் 7 மணிக்கு மேல வைங்க, அதுக்கு முன்னாடி வெயில் தணியாது, ஓட்டு வீடு அனலா இருக்கும். வாடகை வீடுன்னா வீட்டுக்கார ஆச்சி கிட்ட ரெண்டு நாள் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருங்க. "ஆச்சி, வெள்ளிக்கெழமை எங்க செபக்கூட்டம், ஒரு மணி நேரம் பாட்டு சத்தம் இருக்கும்"னு சொன்னா "நடத்துங்கத்தா, நானும் வந்து உக்காருறேன்"ன்னு சொல்ற ஆச்சிங்கதான் இங்க நெறைய. சொல்லாம நடத்தினாத்தான் மனக்கசப்பு.

5. படிக்கிற முறை

கூட்டத்துக்கு மூணு நாள் முன்னாடி ஆரம்பிங்க. முதல் நாள் வாசகத்த ரெண்டு தடவ சத்தமா படிங்க, ஒண்ணும் எழுத வேண்டாம். ரெண்டாம் நாள், அந்தக் கதைல யாரு என்ன வேலை செய்றாங்கன்னு மட்டும் பாருங்க. நடக்குறாங்க, அழுறாங்க, கதவப் பூட்டுறாங்க, வலை வீசுறாங்க, அடுப்பு மூட்டுறாங்க. உயிர்ப்புக் கதைகள் எல்லாமே இப்படி அன்றாட வேலைக்கு நடுவுலதான் நடக்குது, நம்மதான் அத மேகத்துக்கு மேல தூக்கிட்டுப் போறோம். அந்த வேலைல ஒண்ண மட்டும் புடிச்சுக்கோங்க. மூணாம் நாள், அந்த ஒண்ணு நம்ம தெருவுல எங்க நடக்குதுன்னு யோசிச்சு, கேக்க ஒரே ஒரு கேள்வி எழுதி வைங்க. அவ்வளவுதான் தயாரிப்பு. அரைப் பக்கத்துக்கு மேல எழுதுனீங்கன்னா அங்க போய் அத வாசிப்பீங்க, வாசிச்சா எல்லாரும் விசிறியப் பாப்பாங்க.

6. எந்தக் கதை நம்ம ஊர்ல எங்க வந்து நிக்குது

இது கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

மகதலா மரியா கல்லறைகிட்ட நின்னு அழுறா, எதிர்ல நிக்கிறவர தோட்டக்காரர்னு நெனைக்கிறா, "மரியா"ன்னு பேர் சொல்லிக் கூப்பிட்டதும்தான் தெரியுது (யோவான் 20:11-18). நம்ம அன்பியத்துல பெரிய வீடுகள்ல கூட்டிப் பெருக்கப் போற அக்காமாரு எத்தன பேர். நாள் முழுக்க "ஏம்மா", "இந்தா", "வேலைக்காரம்மா". "கடைசியா உங்கள யாரு பேர் சொல்லிக் கூப்பிட்டா?" இந்த ஒரு கேள்வி போதும். அதுக்கப்புறம் நீங்க பேச வேண்டியதே இருக்காது.

தோமா. இவர எல்லாரும் சந்தேகக்காரர்னு சொல்லி முடிச்சிருவாங்க, தயவு செஞ்சு நீங்களும் அத சொல்லாதீங்க. அவரு பண்ணது ஒண்ணே ஒண்ணு, அன்னைக்கு அந்த வீட்டுல இல்ல. நம்ம பக்கம் சிங்கப்பூர் மலேசியா துபாய்னு போய் இருக்குற ஆம்பளைங்க இல்லாத தெரு உண்டா? அப்பா சாவுக்கு வர முடியாம வீடியோ கால்ல பாத்த பிள்ளைக்குத் தெரியும், கையில தொடாத ஒண்ண நம்புறது என்னன்னு. இன்னொன்னு கவனிங்க, எட்டு நாள் கழிச்சும் தோமா அவங்க கூடத்தான் இருக்காரு, யாரும் "நம்பலன்னா வெளிய போ"ன்னு சொல்லல. இதே தோமாதான் யோவான் 11:16ல "நாமும் போய் அவரோட சாவோம்"னு சொன்னவரு. இதச் சேத்துச் சொல்லுங்க, பெருசுங்க தலையாட்டுவாங்க.

எம்மாவுக்குத் தூரம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர்னு நம்ம மொழிபெயர்ப்புலயே இருக்கு. காரைக்குடில இருந்து குன்றக்குடிக்கு நடக்குற தூரம்னு சொல்லுங்க, பழனிக்குப் பாதயாத்திரை போற ஊர்ல அது எவ்வளவு நேரம்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ரெண்டு பேரும் அவ்வளவு தூரம் நடந்த களைப்போட, அதே ராத்திரி திரும்பி எருசலேமுக்குப் போறாங்க. அத விட எனக்குப் புடிச்சது வழிப்போக்கரா கூட வந்த இயேசு, எல்லாம் தெரிஞ்சும், "என்ன பேசிக்கிட்டு வர்றீங்க"ன்னு கேட்டு அவங்க சொல்ற வரைக்கும் கேக்குறது. துக்கம் விசாரிக்கப் போற எடத்துல நம்ம வாய் எப்படி இருக்குன்னு யோசிக்க வைக்கலாம்.

அப்பம் பலுகுன கதைல (யோவான் 6:1-15) எல்லாரும் அஞ்சு அப்பத்துலயே நிப்பாங்க. நீங்க 12ஆம் வசனத்துக்குப் போங்க, ஒண்ணும் வீணாகக் கூடாது, மிச்சத்தச் சேத்து வைங்கன்னு இயேசு சொல்றாரு. கல்யாணப் பந்தில வேலை பாக்குறவங்க முன்னாடி இதப் பேசிப் பாருங்க. கடைசிப் பந்தி முடிஞ்சப்ப மிச்சச் சாப்பாடு யாருக்குப் போகுது, யாருக்குப் போகல, பாத்திரம் கழுவுறவங்க எப்ப சாப்பிடுறாங்க, இதெல்லாம் அவங்க சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

நல்லாயன் ஞாயிறுக்கு ஆடு படம் போட்ட ஸ்டிக்கர் வேண்டாம். அறுப்பு முடிஞ்ச வயல்ல கிடை போட்டிருப்பாங்க, போய் ஒரு கிடைக்காரர் கிட்ட பத்து நிமிஷம் பேசுங்க. ராத்திரி எங்க படுப்பாரு, நாய் எத்தன, குட்டி எத நம்பி வெளிய வரும், எந்தச் சத்தத்துக்கு வரும். "வாயில் நானே"ன்னு யோவான் 10ல வர்றது அப்புறம் தன்னால வெளங்கும். அன்னைக்கு இறையழைத்தலுக்கான செப நாளும் கூட, அதனால சிஸ்டர் யாராவது வந்து பேசக் கேட்டா நேரம் விட்டுக் குடுங்க.

கடற்கரைக் கதை (யோவான் 21) தான் எனக்கு எல்லாத்துலயும் மேல. ராத்திரி பூரா ஒண்ணும் அகப்படல, விடிஞ்சா கரைல கரி நெருப்பு, மேல மீன், அப்பம். பேதுரு மறுதலிச்சப்பவும் கரி நெருப்புதான் எரிஞ்சது (யோவான் 18:18), அத அவரு மறந்திருப்பாரா? ஆனா இயேசு அதப் பத்தி ஒரு வார்த்த எடுக்கல, முதல்ல சாப்பிடக் கூப்பிடுறாரு, சாப்பிட்டு முடிச்ச அப்புறம்தான் கேள்வி, அதுவும் "ஏன் அப்படி பண்ண"ன்னு இல்ல, "உனக்கு என் மேல அன்பு இருக்கா"ன்னு. வீட்டுப் பங்கு பிரிக்கிறதுல அண்ணன் தம்பி வருஷக்கணக்கா பேசாம இருக்குற குடும்பம் நம்ம கூட்டத்துலயே உக்காந்திருக்கும். இலைய போட்டு "சாப்பிட்டீகளா"ன்னு கேக்குற ஊருக்கு இந்தக் கதைய வெளக்கவே வேண்டாம், வாசிச்சாலே போதும். 153 மீனுக்கு என்ன அர்த்தம்னு யாராவது ஆரம்பிச்சா மட்டும் மெதுவா அமத்திருங்க, அரை மணி நேரம் போயிரும்.

ஒரு எச்சரிக்கை. அஞ்சாம் ஞாயிறு முதல் ஆண்டுல யோவான் 14, "என் தந்தை வாழும் இடத்தில் உறைவிடங்கள் பல உள்ளன". செட்டிநாட்டுல இருந்துக்கிட்டு, ஆயிரம் ஜன்னல் வீடு மாதிரி, வளவு முழுக்க அறை அறையான்னு சொல்ல நாக்கு துடிக்கும். அந்த அறைகள யாரு கூட்டுறா, அந்த வீடு பூட்டிக் கெடக்குறப்ப யாரு காவல் இருக்காங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு அப்புறம் சொல்லுங்க. அவங்கதான் உங்க எதிர்ல பாய்ல உக்காந்திருக்காங்க.

7. கூட்டம் நடக்குற 45 நிமிஷம்

பாட்டு 5, வாசகம் 5, அமைதி 3, உங்க சிந்தனை 7, பகிர்வு 15, மன்றாட்டு 5, அறிவிப்பு 5. ஏழு படி முறைல (வாசகத்த ஏழு படியா வாசிச்சு, தியானிச்சு, பகிர்ற முறை) பழகுன அன்பியம்னா அந்த வரிசையிலயே போங்க, புதுசா ஒண்ணு திணிக்காதீங்க. வாசகம் வாசிக்கிறத வேற ஆளுக்குக் குடுங்க, முதல் நாளே அத அவங்க கையில குடுத்திருங்க, கண்ணாடி எடுத்து வரச் சொல்லுங்க. மூவேளைச் செபம் சொல்லி ஆரம்பிக்கிற பழக்கம் இருந்தா, பாஸ்கா காலத்துல அதுக்குப் பதிலா வேற செபம், "விண்ணக அரசியே"ன்னு வரும், அச்சடிச்ச தாள ரெண்டு மூணு வச்சிருங்க.

3 நிமிஷ அமைதிதான் கஷ்டம். யாராவது இருமுவாங்க, யாராவது பாட்டு எடுத்திருவாங்க. சொல்லிட்டே ஆரம்பிங்க, "இப்ப யாரும் பேச வேண்டாம், நான் சொல்றப்ப தொடங்கலாம்"னு. பகிர்வுல முதல் ஆள் பேச நேரம் எடுக்கும், நீங்க போய் நிரப்பாதீங்க. எப்பவும் பேசுற ஒருத்தர் இருப்பாரு, அவரு கிட்ட முதல்லயே போய், "அண்ணே, இன்னைக்கு கடைசியா நீங்க முடிச்சு வைங்க"ன்னு சொல்லிருங்க, அவருக்கும் மரியாதை, மத்தவங்களுக்கும் எடம்.

8. வாயில வரக் கூடாதது

அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டுல உக்காந்துக்கிட்டு "உயிர்த்துட்டார், இனிமே அழுகை எதுக்கு"ன்னு சொல்லாதீங்க. மரியா அழுதப்ப இயேசு காரணம் கேட்டாரு, திட்டல. பக்கத்து வீட்டுக் கடன், பிரிஞ்சு இருக்குற புருஷன் பொண்டாட்டி, ஓடிப்போன பிள்ளை, எதையும் பேர் சொல்லாம சொன்னாலும் சின்ன ஊர்ல யாருன்னு தெரிஞ்சிரும், அதனால உதாரணத்துக்கு உள்ளூர்க் குடும்பக் கதை வேண்டவே வேண்டாம். தேர்தல், சாதி, கோயில் கமிட்டிக் கணக்கு, சாமியார் மாறுறது, இதுவும் வேண்டாம். கூட்டத்துல இந்து ஆச்சி உக்காந்திருந்தா அவங்களப் பாத்து விசேஷமா ஒண்ணும் பேச வேண்டாம், டீ குடுக்குறப்ப மட்டும் முதல்ல அவங்களுக்குக் குடுங்க.

வாசகத்துல ஒரு எடம் புரியலயா, "இது எனக்கு வெளங்கல, ஃபாதர் கிட்ட கேட்டுச் சொல்றேன்"னு சொல்லிருங்க. கேட்டு வந்து அடுத்த கூட்டத்துல சொல்லவும் செய்யணும்.

9. தூய ஆவி திருநாள் முடிஞ்சதும்

அன்னைக்கும் ரெண்டாம் ஞாயிறுல வந்த அதே பூட்டின கதவுதான் வாசகம், யோவான் 20:19-23 (இரண்டாம், மூன்றாம் ஆண்டுல இதுக்குப் பதிலா வேற வாசகமும் எடுக்கலாம், முதல்லயே கேட்டுக்கோங்க). பழைய நோட்டப் பாத்து அப்ப யாரு என்ன பகிர்ந்தாங்கன்னு எடுத்து வச்சுக்கோங்க, புதுசா தயார் பண்ண வேண்டியது பாதி கொறையும். உண்டியல் காசுக்குக் கணக்கு எழுதி தலைவி அக்கா கிட்ட கையெழுத்து வாங்கிருங்க, ஜெராக்ஸ் எடுத்த 40 ரூபாயும் அதுல வரட்டும், கூச்சப்பட்டு விட்டீங்கன்னா அடுத்து வர்றவங்களும் கைக்காசு போட வேண்டியிருக்கும். ஸ்கூல் தொறக்குற வாரம் கூட்டம் வைக்காதீங்க, நோட்டு புக் ஃபீஸ்னு எல்லாரும் அலைஞ்சுக்கிட்டு இருப்பாங்க. அதுக்கடுத்த வாரத்துக்கு யாரு சிந்தனைன்னு இப்பவே கேட்டுப் பேர எழுதிக்கோங்க, இந்தத் தாளையும் அவங்க கிட்ட குடுத்திருங்க.